இறக்கைக்குள் ஒரு ரப்பர் பை... சுருக்கம் விழுந்தால் இன்ஜின் காலி! குட்டி விமானங்களின் 'ஃப்யூயல் பிளாடர்' ரகசியம்

பைக் டேங்க் ஓட்டையானால் கீழே சொட்டும், உடனே தெரிந்துவிடும். ஆனால், சின்ன விமானத்தின் பெட்ரோல் பை கெட்டுப்போனால்? அதைக் கண்டுபிடிப்பதே தனிக்கலை!

கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணி போகிற வழியில் பைக் திடீரென மக்கர் பண்ணி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டி, உள்ளே 'களக் களக்' சத்தம் வருகிறதா என்று பார்ப்பீர்கள். பெட்ரோல் இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், "நேத்து மழையில தண்ணி இறங்கிடுச்சோ?" என்று சந்தேகம் வரும். அப்புறமென்ன, தள்ளிக்கொண்டே மெக்கானிக் கடைக்கு. அரை மணி நேர வேலை, கொஞ்சம் வியர்வை. அவ்ளோதான்.

இதே சிக்கல், ஓடுபாதையை விட்டுக் கிளம்பிய அரை நிமிடத்தில், சில நூறு அடி உயரத்தில் ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு வந்தால்? ஓரமாக நிறுத்த ரோடு கிடையாது. தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. அதனால்தான் குட்டி விமானங்களைப் பராமரிப்பவர்கள், இன்ஜினுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இறக்கைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ரப்பர் பைக்கும் கொடுக்கிறார்கள். அதன் பெயர் 'ஃப்யூயல் பிளாடர்'.

விமானத்துக்குள் ரப்பர் பையா? ஆமாம். அது எப்படிக் கெட்டுப்போகிறது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள் என்று பார்ப்போம்.

இறக்கைதான் பெட்ரோல் டேங்க்

பெரும்பாலான விமானங்களில் எரிபொருள் இருப்பது இறக்கைக்குள்தான். அதை வைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, இறக்கையின் உள்பகுதியையே கசியாமல் பூசி அடைத்து, அதையே டேங்க்காக ஆக்கிவிடுவது. இதற்கு 'வெட் விங்' என்று பெயர். மதுரையிலிருந்து சென்னைக்குப் பறக்கிற ஏடிஆர், ஏர்பஸ் ஏ320 எல்லாம் இந்த ரகம்தான்.

இரண்டாவது வழி, பைக்கில் இருப்பதுபோல அலுமினியத்தில் தனி டேங்க் செய்து இறக்கைக்குள் பொருத்துவது.

மூன்றாவதுதான் பிளாடர். துணியின் மேல் ரப்பரைப் பூசிச் செய்த பையை மடித்து, இறக்கையில் இருக்கும் சிறிய திறப்பு வழியாக உள்ளே நுழைத்து, விரித்துவிடுவார்கள். வளைவு, மேடு என்று அந்த அறை எப்படி இருந்தாலும் பை அதற்கேற்றபடி உட்கார்ந்துகொள்ளும். செஸ்னா 182, 206, 210 ரகங்களின் பழைய மாடல்கள் பலவற்றில் இந்தப் பைதான். தமிழக அரசு பயன்படுத்திய பெல் 412 ஹெலிகாப்டர் ரகத்திலும் இதே போன்ற எரிபொருள் பைகள் உண்டு.

பையால் என்ன லாபம்? விழுந்தாலும் மோதினாலும் தகரம் கிழியும். பை நெளிந்து கொடுக்கும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஃபார்முலா 1 கார்களில் பெட்ரோல் இருப்பதும் இப்படிப்பட்ட உறுதியான பைக்குள்தான். ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரில் முதலில் அலுமினிய டேங்க்தான் இருந்தது. விபத்துக்குப் பிறகு தீப்பிடித்து உயிர்கள் போனதால், பழைய ஹெலிகாப்டர்களிலும் பிளாடர் பொருத்தச் சொன்னது அந்த நிறுவனம். 2000-ம் ஆண்டு பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்த பிறகு, அதன் டேங்க்குகளுக்குள்ளும் கெவ்லார் கலந்த ரப்பர் விரிப்பைப் போட்டுத்தான் மறுபடி பறக்கவிட்டார்கள்.

போர் கொடுத்த பாடம்

மதுரை விமான நிலையம் இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தளம். 1942-ல் பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் பயன்படுத்தியது. ரப்பர் டேங்க்குகள் பெரிய அளவில் விமானங்களுக்குள் வந்ததும் அதே போரில்தான்.

அன்றைய பிரச்னை, துப்பாக்கிக் குண்டு. டேங்க்கில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் ஒழுகும், தீப்பிடிக்கும். அதற்குக் கண்டுபிடித்த தீர்வு அசத்தலானது. உள்ளே பெட்ரோலைத் தாங்குகிற செயற்கை ரப்பர். அதற்கு வெளியே பால்மரத்து இயற்கை ரப்பர் அடுக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கிறார்களே, அதே ரப்பர்தான். இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: பெட்ரோல் பட்டால் உப்பும். குண்டு துளைத்ததும் பெட்ரோல் அந்த அடுக்கில் படும், ரப்பர் உப்பி ஓட்டையைத் தானே அடைத்துவிடும்!

இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "சைக்கிள் டியூப் மாதிரி ஒரு பஞ்சர் ஒட்டினா போதாதா?" என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. பஞ்சர் கடை ரப்பரும் சொல்யூஷனும் பெட்ரோலில் ஊறினால் உப்பிக் கழன்றுவிடும். பிளாடரில் பேட்ச் போடவே கூடாது என்றில்லை. ஆனால், அது அங்கீகாரம் பெற்ற பணிமனையில், அதற்கென உள்ள பொருளைக்கொண்டு, அனுமதித்த இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

பை ஏன் கெட்டுப்போகிறது?

வயசாவதுதான் முதல் காரணம். ரப்பரை மெத்தென்று வைத்திருக்க அதில் சில ரசாயனங்களைச் சேர்த்திருப்பார்கள். காலப்போக்கில் பெட்ரோல் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். டேங்க்கில் பெட்ரோல் இருக்கும்வரை பை ஈரமாக, வளைந்து கொடுக்கும்படி இருக்கும். காலியாக விட்டு விமானத்தை வெயிலில் நிறுத்தினால் காய்ந்து, இறுகி, மடிப்புகளில் வெடிப்பு விடும். வருஷக்கணக்கில் ஓரமாக நிற்கிற டிராக்டரின் டயர் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

அதனால்தான், பறக்காமல் நிற்கும் விமானத்தில்கூட டேங்க்கை நிரப்பியே வைக்கச் சொல்வார்கள். நாள்கணக்கில் காலியாக விடவேண்டி வந்தால், பையின் உள்பக்கம் மெல்லிசாக இன்ஜின் ஆயில் தடவி வைப்பது வழக்கம்.

கசிவு தெரியும் இடம் வேற... கசியும் இடம் வேற!

இப்போது துப்பறியும் வேலை. முதல் தடயம், நிறம். பிஸ்டன் இன்ஜின் குட்டி விமானங்களுக்குப் போடுகிற பெட்ரோலின் பெயர் 'ஏவிகாஸ் 100 எல்எல்'. அடையாளத்துக்காக அதில் நீலச்சாயம் கலந்திருப்பார்கள். கசிந்தால் பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் போகாது. இறக்கையின் அடியில், ரிவெட் வரிசையில், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் நீலக்கறை தெரிந்தால், ஏதோ கசிகிறது என்று அர்த்தம். கேபினுக்குள் பெட்ரோல் வாடை அடிப்பது இரண்டாவது தடயம்.

அவசரப்பட்டு, கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு கட்டினால் ஏமாந்து போவீர்கள். வீட்டில் மொட்டை மாடியில் ஒரு மூலையில் விரிசல் இருக்கும். தண்ணீர் ஹால் நடுவில் ஃபேன் பக்கத்தில் சொட்டும் இல்லையா? இறக்கைக்குள்ளும் அப்படித்தான். கசிந்த பெட்ரோல் உள்ளே இருக்கும் உலோகச் சட்டங்களின் மேல் வழிந்து ஓடி, எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கே வெளியே வரும்.

அதனால், அனுபவசாலிகள் பையை உடனே குற்றம் சொல்வதில்லை. முதலில் அதைச் சுற்றியிருக்கும் சின்னச்சின்னப் பொருள்களைச் சோதிக்கிறார்கள். எரிபொருள் மீட்டரின் சென்சார் உட்காரும் இடத்தின் கேஸ்கெட், பெட்ரோல் ஊற்றும் வாய், அடியில் இருக்கும் டிரெயின் வால்வு, இரண்டு பைகளை இணைக்கும் ஹோஸ், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்... இவற்றில் ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தாலே போதும், கறை வரும். கேஸ்கெட்டோடு முடிகிற வேலைக்குப் பையையே மாற்றினால் பணமும் போகும், கசிவும் நிற்காது.

இன்னொரு சின்ன தந்திரமும் உண்டு. டேங்க் நிறைய இருக்கும்போது மட்டும் கசிகிறதா, பாதிக்குக் கீழே இறங்கிய பிறகும் கசிகிறதா என்று பார்ப்பார்கள். நிறைந்திருக்கும்போது மட்டும் என்றால், சந்தேகம் பையின் மேல்பாதிக்கும் ஊற்றும் வாய்க்கும் போகும். எப்போதும் கசிந்தால், அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பிளஸ் டூ லேப் ஞாபகம் இருக்கா?

சுற்றியிருப்பது எல்லாம் சரி, பைதான் சந்தேகத்துக்குரியது என்றால், அதை வெளியே எடுத்துச் சோதிப்பார்கள். எல்லா வாய்களையும் மூடிவிட்டு, மிகமிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று அடைப்பார்கள். உங்கள் பைக் டயரில் ஏறத்தாழ 30 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும். இங்கே கால் பி.எஸ்.ஐ. போதும்! அதிகம் போனால் சோதனையே பையைக் கிழித்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரைப் பூசினால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும்.

அதைவிட நுணுக்கமான சோதனை ஒன்று இருக்கிறது. அதில் உங்கள் பழைய நண்பர் ஒருவர் வருகிறார்: பினாப்தலீன். கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் செய்யும்போது, காரம் பட்டதும் இளஞ்சிவப்பாக மாறுமே, அதேதான். அம்மோனியாவில் நனைத்த துணியைப் பைக்குள் வைத்து மூடிக் காற்று அடைப்பார்கள். வெளியே, பினாப்தலீன் கரைசலில் நனைத்த வெள்ளைத் துணியைப் பையின் மேல் இடம் இடமாக விரிப்பார்கள். கண்ணுக்கே தெரியாத ஊசித்துளை இருந்தாலும் அம்மோனியா அதன் வழியே வெளியே வரும். வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளி விழும். "இதெல்லாம் எங்க சார் யூஸ் ஆகப்போகுது?" என்று லேபில் கேட்டவர்களுக்கு இது பதில்!

கசியாத பைதான் அதிக ஆபத்து

கசிகிற பை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். நீலக்கறை, வாடை என்று சாட்சி இருக்கும். துளிகூடக் கசியாத, ஆனால் உள்ளே சரியாக விரியாத பை இருக்கிறதே, அதுதான் உயிருக்கு உலை வைப்பது.

வயலில் வரப்பு கட்டினால் தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கி நிற்கும். பையின் அடியில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் அதேதான் நடக்கும். மழைநீர், மூடியின் பழைய ரப்பர் வளையம் வழியாக உள்ளே இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிட எடை அதிகம். ஒரு லிட்டர் ஏவிகாஸ் சுமார் 720 கிராம், தண்ணீர் 1 கிலோ. அதனால் தண்ணீர் அடியில் தங்கும். பறப்பதற்கு முன்னால் பைலட், டேங்க்கின் அடி வால்வைத் திறந்து, கண்ணாடிபோன்ற கப்பில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பார். தண்ணீர் இருந்தால் கப்பின் அடியில் நிறமில்லாத குமிழாகத் தெரியும். ஆனால், சுருக்கம் என்ற வரப்புக்கு அந்தப் பக்கம் தேங்கிய தண்ணீர் வால்வுக்கு வரவே வராது. கப்பில் சுத்தமான நீலப் பெட்ரோல். "எல்லாம் ஓகே" என்று கிளம்புவார். ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கை மேலே தூக்கும்போது, தண்ணீர் வரப்பைத் தாண்டிப் புரளும். நேராக இன்ஜினுக்குப் போகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1984-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ., பிளாடர் பொருத்திய செஸ்னா 182, 206, 210 உள்ளிட்ட ரகங்களுக்கு 84-10-01 என்ற எண்ணில் கட்டாய உத்தரவு போட்டது இந்தச் சுருக்கத்துக்காகத்தான். பைகளைத் திறந்து சுருக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், நீவிச் சரிசெய்யுங்கள், தண்ணீர் இறங்கும் மூடிகளைக் கவனியுங்கள் என்றது. சரிசெய்ய முடியாதவற்றுக்கு ஒரு வினோதமான வழியும் வந்தது. பறப்பதற்கு முன், விமானத்தின் வாலைக் கீழே அழுத்திக்கொண்டு, இறக்கையை மேலும் கீழும் 10 அங்குலம் வீதம் குறைந்தது 12 முறை ஆட்ட வேண்டும். தேங்கிய தண்ணீர் வால்வுக்கு வந்து சேர்ந்த பிறகு வடித்துப் பார்க்க வேண்டும். ஆமாம், மக்கர் பண்ணும் பைக்கை நாம் ஆட்டுவதுபோலத்தான்!

சரியாக விரியாத பைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு: பொய் சொல்வது. பையின் மேல்பக்கத்தை இறக்கையோடு பிடித்திருக்கும் பட்டன்கள் கழன்றால் பை உள்ளே சரியும். டேங்க்குக்குக் காற்று போகும் குழாயில் குளவி கூடு கட்டினாலும் இதே கதி. இன்ஜின் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்று உள்ளே வராமல் பை உறிஞ்சிய ஜூஸ் பாக்கெட் மாதிரி ஒட்டிப்போகும். அப்போது அடிப்பக்கம் மேலே எழும்பி, மீட்டரின் மிதவையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். மீட்டரில் முள் மேலேயே நிற்கும், டேங்க்கோ காலியாகிக்கொண்டிருக்கும். இதனால்தான் மீட்டரை மட்டும் நம்பாமல், மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்து பார்க்கும் பழக்கம் குட்டி விமானங்களில் இன்றும் இருக்கிறது.

பையை மாற்றுவது எப்படி?

இது வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை. உரிமம் பெற்ற இன்ஜினீயரின் பொறுப்பில், அந்த மாடலின் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது. வேலை நடக்கும் வரிசை ஏறத்தாழ இதுதான்:

1. காற்றோட்டமான இடத்தில் பெட்ரோலை முழுக்க வடிப்பார்கள். விமானத்துக்கு எர்த் இணைப்பு கட்டாயம். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கும். போன், சாதாரண டார்ச் எதற்கும் அனுமதி கிடையாது. ஒரு தீப்பொறி போதும்.

2. மூடித்தகடு, மீட்டர் சென்சார், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பிறகு, திறப்பு வழியாகக் கையை விட்டு, பையைப் பிடித்திருக்கும் பட்டன்களை ஒவ்வொன்றாக விடுவித்து, மடித்து வெளியே இழுப்பார்கள்.

3. பலர் அவசரப்படும் இடம் இதுதான்: காலியான அறை. உள்ளே துரு அரித்திருக்கிறதா, ரிவெட் முனை துருத்திக்கொண்டிருக்கிறதா, பழைய டேப் பிய்ந்திருக்கிறதா, உலோகத்தூள் கிடக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். கூர்மையான இடங்களை எல்லாம் டேப் ஒட்டி மூட வேண்டும். பழைய பை உரசி ஓட்டையானதற்கான காரணம் இந்த அறைக்குள்ளேயே இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதுசைப் போட்டால், புதுசும் அதே இடத்தில் ஓட்டையாகும்.

4. புதுப் பையின் பாகம் எண்ணும், அதோடு வரும் சான்றிதழும் சரிபார்க்கப்படும். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிட்டு, நகத்தை வெட்டிவிட்டுத்தான் கை வைப்பார்கள். குளிர்நாடுகளில் விறைத்த பையைச் சூடான அறையில் வைத்து இளக்குவார்கள். மதுரைப் பக்கத்து வெயிலில் அந்தக் கவலை இல்லை!

5. மடித்த பையை உள்ளே விட்டு, விரித்து, எல்லா பட்டன்களையும் மாட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் விரல் நுனியால் தடவித்தான் மாட்ட முடியும். ஒன்றை விட்டாலும் அங்கே பை தொங்கும். அடிப்பக்கச் சுருக்கங்களை நீவிவிட வேண்டும்.

6. புது கேஸ்கெட், புது கிளாம்ப். கிளாம்ப்பை 'இன்னும் கொஞ்சம்' என்று முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும். மேனுவல் சொல்லும் அளவுதான் முறுக்க வேண்டும்.

7. பெட்ரோல் நிரப்பி, காத்திருந்து, கசிவு பார்ப்பார்கள். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று அளந்து ஒப்பிடுவார்கள். வால்வில் வடித்துப் பார்ப்பார்கள். எல்லாம் சரியென்றால் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து.

பங்க் பெட்ரோல் போட்டா என்ன?

நியாயமான கேள்வி. நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும்; அதற்கென்று தயாரிக்கப்படாத ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். பிளாடர், கேஸ்கெட், ஹோஸ் என்று எல்லாமே ரப்பராக இருக்கும் பழைய விமானத்துக்கு இது ஒத்துவராது. ஏவிகாஸை நாம் வெளிநாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், வதோதராவில் தயாரித்த ஏவிகாஸ் 100 எல்எல்-ஐ அறிமுகப்படுத்தியது. பைலட் பயிற்சிப் பள்ளிகளுக்கு அது பெரிய ஆறுதல்.

அந்தக் கையெழுத்தின் எடை

பை மாற்றிய பிறகு பதிவேட்டில் விழும் கையெழுத்துக்குச் சொந்தக்காரர், ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்பு இன்ஜினீயர். அவர் கையெழுத்திடாமல் அந்த விமானம் பறக்க முடியாது. நம் ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு 'ஏரோ ஏதாவது படிக்கலாமா?' என்று யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஏரோநாட்டிக்கல் பி.இ. பட்டம் மட்டும் இந்தக் கையெழுத்து உரிமையைத் தராது. அதற்கு டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளில் தேறி, பணி அனுபவம் காட்டி உரிமம் வாங்க வேண்டும். பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு பி1.2, பெரிய டர்பைன் விமானங்களுக்கு பி1.1 என்று உரிமத்திலும் பிரிவுகள் உண்டு. எந்தக் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்பும், அது டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர்.-147 அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

இந்த வேலைக்கு முக்கியமான தகுதி, மார்க் மட்டும் இல்லை. இருட்டு அறைக்குள் கையை விட்டு, யாரும் பார்க்காத அந்தக் கடைசி பட்டனையும் மாட்டிவிட்டுத்தான் கையை வெளியே எடுப்பேன் என்கிற பிடிவாதம். மேலே பறப்பவருக்கு அந்த பட்டன் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர் உயிர் அதில்தான் மாட்டியிருக்கிறது.